கரன்ட் கம்பமே இல்லாத பாலைவனத்தில் மாதக்கணக்கில் வாசம்... சோலார் மோட்டார்ஹோம்களின் தினசரிக் கணக்கு!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குவார்ட்ஸைட். நிரந்தரமாக வசிப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஊர் வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனமே வண்டிகளால் நிரம்பிவிடும். கனடா வரையிலான வடக்குப் பகுதிகளின் கடும்பனிக்குத் தப்பி வருபவர்களின் மோட்டார்ஹோம்கள் அவை. படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள, ஓட்டிச் செல்லக்கூடிய வீடுகள். இப்படி வருபவர்களை 'ஸ்னோபேர்ட்ஸ்', அதாவது 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கிறார்கள்.

ஊருக்குத் தெற்கே 'லா போசா' என்ற பகுதியை அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை இவர்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கினால், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான சீசன் முழுக்கத் தங்கலாம். தண்ணீர் பிடிக்கவும் கழிவுநீரைக் கொட்டவும் பொது இடங்கள் உண்டு. ஆனால், வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது. அவரவர் கரன்ட்டை அவரவரேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே வருபவர்கள் எல்லோரும் உல்லாசப் பயணிகள் அல்லர். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், சிறிய ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு வண்டியையே நிரந்தர வீடாக்கிக்கொண்ட முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம் 2017-ல் வெளியானது. அதைத் தழுவி எடுக்கப்பட்ட படம் 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. இந்த முதியவர்களுக்கு சோலார் பேனல் என்பது பொழுதுபோக்குக் கருவி அல்ல. ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலினும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காக்கும் சி-பேப் மெஷினும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஜெனரேட்டர் இருக்க சோலார் எதற்கு?

முன்பெல்லாம் ஜெனரேட்டர்தான் ஒரே வழி. ஆனால், சி-பேப் மெஷின் தேவைப்படும் இரவு நேரத்தில் அதை ஓட்ட முடியாது. லா போசாவில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். விதியைவிடப் பெரிய பிரச்னை புகை. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தால், தூங்குபவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்து உண்டு. சத்தமும் புகையும் இல்லாத சோலார் பக்கம் மோட்டார்ஹோம்காரர்கள் திரும்பியதற்கு இது முக்கியக் காரணம்.

நம்மூர் மாடிகளில் பொருத்தப்படும் சோலாருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டு சோலார் பெரும்பாலும் மின்வாரிய லைனோடு இணைந்த 'ஆன்-கிரிட்' முறை. லைனில் கரன்ட் போனால், வெயில் அடித்தாலும் அதுவும் நின்றுவிடும். மோட்டார்ஹோமில் இருப்பது 'ஆஃப்-கிரிட்'. பகலில் பேனல் தருவதை பேட்டரியில் சேமித்து, ராத்திரி செலவழிக்க வேண்டும். தீர்ந்துபோனால் கைகொடுக்க வேறு லைன் இல்லை.

முதலில் செலவுக் கணக்கு!

புதிதாக வருபவர்கள் பலரும் 'எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அனுபவசாலிகள் அதற்கு முன்பு கேட்பது, 'ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள்?' என்பதைத்தான். ஒரு பொருளின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-ஹவர் கிடைக்கும். நம் கரன்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-ஹவர்.

குளிர்கால பாலைவனத்தில் இருவர் தங்கும் ஒரு சாதாரண மோட்டார்ஹோமின் ஒரு நாள் செலவு தோராயமாக இப்படி வரும்:

* 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்: 500 வாட்-ஹவர்
* கேஸ் ஹீட்டரின் காற்றாடி (90 வாட், 4 மணி நேரம்): 360
* சி-பேப் மெஷின் (30 வாட், 8 மணி நேரம்): 240
* லேப்டாப், செல்போன்கள்: 200
* எல்.இ.டி விளக்குகள்: 100
* தண்ணீர் மோட்டார்: 20

மொத்தம் 1,420 வாட்-ஹவர். அதாவது, ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. சமையல், வெந்நீர், ஹீட்டரின் வெப்பம் எல்லாம் கேஸில் நடப்பதால்தான் இவ்வளவு குறைவாக முடிகிறது.

இதில் ஏசி ஏன் இல்லை? கூரையில் இருக்கும் ஏசி ஓடும்போது 1,400 வாட் வரை இழுக்கும். அது ஒரு மணி நேரம் ஓடினால், மேலே சொன்ன பட்டியல் முழுவதற்கும் ஆகும் ஒரு நாள் கரன்ட் காலி! அதனால்தான் பலர் ஏசிக்காக பேட்டரியைப் பெருக்குவதில்லை, வண்டியையே நகர்த்துகிறார்கள். குளிர்காலத்தில் பாலைவனம், கோடையில் மலைப்பகுதி. சக்கரம் வைத்த வீட்டின் வசதியே அதுதான்.

எந்த பேட்டரி?

பவர் கட்டுக்காக வாங்கிய வீட்டு இன்வெர்ட்டரில் நாம் பார்த்துப் பழகியது லெட்-ஆசிட் பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 1,200 வாட்-ஹவர் என்று கணக்கு வரும். ஆனால், பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். ஆக, கைக்கு வருவது 600 மட்டுமே. எடை 30 கிலோவை நெருங்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதே 100 ஆம்பியர்-ஹவருக்கு 1,280 வாட்-ஹவர் வைத்திருக்கும். கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். எடை பாதிக்கும் குறைவு. விலை அதிகம் என்றாலும், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். இரண்டு லித்தியம் பேட்டரி இருந்தால், நம் கணக்குப்படி ஒன்றே முக்கால் நாள் தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் மேகமூட்டமாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

இதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேட்டரியின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது, நிரந்தரமாகப் பழுதாகிவிடும். நல்ல பேட்டரிகளில் உள்ள பி.எம்.எஸ் சர்க்யூட் அந்த நேரத்தில் சார்ஜிங்கை நிறுத்திவிடும். பனிப்பிரதேசத்துக்குப் போகும் வண்டிகளில், பேட்டரியைக் கதகதப்பான உள்பகுதியில் வைப்பது இதற்காகத்தான்.

பேனலைச் சாய்த்தால் லாபம்

டிசம்பர் கடைசியில் குவார்ட்ஸைட்டில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே நாளில் சென்னையில் அது 53 டிகிரி. கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனலில், அந்த நண்பகல் வேளையிலும் நேர் வெயிலின் பாதியளவுதான் விழும். 1,420 வாட்-ஹவர் எடுக்க, படுக்கைப் பேனல் என்றால் சுமார் 600 வாட் தேவைப்படும். தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தால் 400 வாட் போதும்.

நிழலும் எதிரிதான். கூரையில் உள்ள ஏசி பெட்டியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி கணிசமாகக் குறையலாம். மர நிழலில் வண்டியை நிறுத்தினால் உள்ளே குளுமை, பேட்டரி பட்டினி!

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருப்பது சார்ஜ் கன்ட்ரோலர். இதில் பி.டபிள்யூ.எம் வகை மலிவு. எம்.பி.பி.டி வகை, பேனலின் கூடுதல் வோல்டேஜை வீணாக்காமல் கரன்ட்டாக மாற்றித் தரும். பேனல் வைக்க இடம் குறைவாக உள்ள கூரைகளுக்கு இதுவே ஏற்றது.

ஃபியூஸை மறக்காதீர்கள்!

'12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது' என்ற அலட்சியம் ஆபத்தானது. இன்வெர்ட்டர் வழியாக 1,200 வாட் மைக்ரோவேவ் ஓவனை ஓட்டினால், பேட்டரி வயரில் 100 ஆம்பியருக்கு மேல் பாயும். வயர் மெலிதாக இருந்தால் சூடாகித் தீப்பிடிக்கலாம். தடிமனான, நீளம் குறைந்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே சரியான ஃபியூஸ், இறுக்கமான இணைப்பு ஆகிய மூன்றும் கட்டாயம். வயரிங் தெரியாதவர்கள், விஷயம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. வண்டிக்குள் கேஸ் அடுப்பும் ஹீட்டரும் இருப்பதால், சோலாருக்கு மாறினாலும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிவிடக் கூடாது.

வாசலிலேயே வெள்ளோட்டம்

எல்லாம் பொருத்திய பிறகு நேராகப் பாலைவனத்துக்குக் கிளம்பாமல், வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் அதற்குள் வாழ்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் காட்டும் பேட்டரி மானிட்டர் இருந்தால், உண்மைச் செலவு தெரிந்துவிடும். காலையில் கண்விழிக்கும்போது 40 சதவிகிதம் மிச்சம் இருக்கிறதா, 10 சதவிகிதம்தானா என்பதைப் பார்த்து, எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று முடிவெடுக்கலாம்.

சி-பேப் மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் ஹீட்டரை ஆன் செய்தால், அதன் செலவு இரண்டு மடங்குக்கு மேலும் போகக்கூடும். இது வாசலில் தெரியவந்தால், பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். லா போசாவில் ராத்திரி 2 மணிக்குத் தெரியவந்தால், செருகுவதற்கு அங்கே பிளக் பாயின்ட் இல்லை.