நம் வீட்டு பிளம், குண்டாங்

வானொலியில் தோட்டம் பற்றிப் பேசும் நாட்களில் நேயர்கள் தவறாமல் கேட்பது இது: "பேரங்காடியில் வாங்கிய பிளம் பழத்தின் கொட்டையை நட்டால் காய்க்குமா?"

முளைக்கலாம், காய்க்காது. குளிர்நாட்டு பிளம் மரம் பூப்பதற்கு முன், 7 டிகிரிக்கும் குறைவான குளிரில் பல நூறு மணி நேரம் உறங்க வேண்டும். நம் கேமரன் மலையில்கூட அந்தக் குளிர் கிடையாது.

அதற்காக ஏங்க வேண்டாம். ஆங்கிலத்தில் பிளம் என்றே அழைக்கப்படும் குண்டாங் நம் மண்ணிலேயே இருக்கிறது. மாமரத்தின் உறவு. இதற்கு ஸ்தார் என்றும் பெயர். அலோர்ஸ்டார் நகரின் பெயர் இந்த மரத்திலிருந்து வந்ததுதான். காயைச் சம்பாலில் இடிக்கலாம், தளிரை ஊலாமாக உண்ணலாம், பழத்தைத் தோலோடு கடிக்கலாம். கொட்டையைப் பிளந்தால் உள்ளே ஊதா நிறம்; பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை.

நர்சரியில் ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள். விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தாய்மரத்தின் இனிப்பு வரும் என்ற உறுதியும் இல்லை. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். விட்டுவிட்டால் 20 மீட்டருக்கு மேல் வளரும் மரம் என்பதால், சுவரையும் சாக்கடையையும் விட்டுத் தள்ளி நடுங்கள். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் கவாத்து செய்து உயரத்தைக் கட்டுக்குள் வையுங்கள். காய் பருக்கும்போது காகிதப் பையால் மூடினால் பழ ஈ அண்டாது.

புதுவீடு வாங்கியதும் கார் நிறுத்த முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகிறோம். அதில் ஒரு மரத்துக்கு மட்டும் மண்ணை விட்டுவையுங்கள். பழம் கிளையில் பழுப்பதை நம் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கட்டும்.