ஜீப்பில் பெட்ரோல் கசிந்தால்

திருமலைக்கு மோட்டார்ப் பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சித்தூரிலிருந்து பழைய ஜீப்பில் அங்குச் செல்லும்போது பெட்ரோல் நெடி வீசுமாயின், உடனே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். கார்ப்பரேட்டரின் கீழே கொதிக்கும் புகைக்குழாய் உள்ளது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது பேராபத்து.

எஞ்சின் ஆறியபின் கார்ப்பரேட்டரைத் துடைத்து, திறந்த வெளியில் சிறிது ஓட்டிக் கவனிப்போம். மூடியின் விளிம்பு மட்டும் நனைந்தால் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். உட்குழலில் பெட்ரோல் வழிந்தால், கிண்ணம் அளவு மீறி நிரம்புகிறது என்று அறியலாம். கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழுந்து, ஊசியால் பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும். அவ்வாறு அடைக்கவில்லையெனில், ஊசிமுனையில் தூசு படிந்திருக்கலாம். அன்றி மிதவை ஓட்டையாகியிருக்கலாம். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால், உட்புகுந்த பெட்ரோல் சளசளக்கும்.

சமதரையில் தோன்றாத கசிவு, கிண்ணம் சாயும் மலையேற்றத்தில் வெளிப்படலாம். ஆகவே அலிபிரியைத் தாண்டுமுன்னரே சோதித்துக்கொள்வது நமக்கு நலம்.