அந்த ஐந்து நிமிடங்களைத் தாண்டுவது எப்படி?

எந்தத் துணையும் இல்லாமல், மனவுறுதியை மட்டும் நம்பிப் புகையை நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாக்குப்பிடிக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. நம் வீடுகளில் இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு: “மனசு வச்சா விட்டுடலாம். அவருக்கு மனசு இல்ல.”

இந்த விளக்கம் தவறு. கூடவே ஆளையும் கெடுக்கிறது. தோற்றவர் தன்னையே கேவலமாக நினைத்து, அடுத்த முறை முயற்சி செய்யவே கூசுகிறார். புகைக்கான ஏக்கம் உடம்பில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு தொடக்கம், ஓர் உச்சம், ஒரு முடிவு உண்டு. அது எப்போது வரும், எங்கே வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்குத் தயாராகவும் முடியும். புகையை விட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் போய்ச் சேரவேண்டிய செய்தி இதுதான்.

மூளை ஏன் கேட்கிறது?

புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு டோபமைனைச் சுரக்கவைக்கிறது. நாள்தோறும் இப்படி வந்துகொண்டே இருந்தால், மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள நிகோடினோ சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஏற்பிகள் காலியாகக் காலியாக, எரிச்சல் வருகிறது, கவனம் சிதறுகிறது, கை எதையோ தேடுகிறது. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது.

“டென்ஷன் குறையத்தான் பிடிக்கிறேன்” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த டென்ஷனில் பெரும்பங்கை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான். புகையை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன என்பதே அதன் முடிவு.

ஏக்கம் உடம்பைச் சேர்ந்தது என்பதற்கு இன்னொரு சான்று, 2007-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மூளையில் சேதம் ஏற்பட்ட 69 புகைப்பழக்கக்காரர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ‘இன்சுலா’ என்ற பகுதி சேதமடைந்தவர்கள் 19 பேர். அவர்களில் 12 பேர் எந்தச் சிரமமும் இல்லாமல், ஏக்கமே இல்லாமல் புகையை விட்டிருந்தார்கள். உடம்பின் உள்ளுணர்வுகளை நமக்குத் தெரியப்படுத்தும் பகுதி இன்சுலா. இவர்கள் யாரும் திடீரென்று மனவுறுதி பெற்றவர்கள் அல்ல. ஏக்கத்தை உணரவைக்கும் இடம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த இடம் நன்றாக வேலை செய்யும் ஒருவரிடம் “உனக்கு மனசில்லை” என்பது எவ்வளவு அநியாயம்!

எத்தனை நாள் இந்தப் பாடு?

கடைசி சிகரெட்டுக்குச் சில மணி நேரம் கழித்து ஏக்கம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனக்குறைவு எல்லாம் சேர்ந்து வருவதும் அப்போதுதான். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடிப்போன ஏற்பிகள், புகைக்காதவர்களின் அளவுக்குக் குறைந்துவர 6 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. அதன் பிறகும் எப்போதாவது ஏக்கம் எட்டிப்பார்க்கும். அது பழைய இடங்களும் பழைய ஆட்களும் கிளப்பிவிடும் நினைவு. வரும் இடைவெளி நீண்டுகொண்டே போகும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு முடிவு எடுக்கலாம். குடும்பத்தில் கல்யாணம், ஆபீஸில் ஆடிட், மகளுக்குத் தேர்வு என்று நெருக்கடியாக இருக்கும் வாரத்தைத் தவிர்த்து, அந்த மூன்றாம் நாள் ஓய்வு நாளில் வரும்படி தேதி குறியுங்கள்.

“கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடட்டுமா?” என்று பலரும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் சுமார் 700 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர். ஒரு தேதி வைத்து, அன்றோடு நிறுத்துவதே நல்லது.

உச்சம் சில நிமிடம்தான்

ஒவ்வொரு ஏக்கமும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது. புகைத்தாலும் இறங்கும், புகைக்காவிட்டாலும் இறங்கும். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் ஒற்றை சிகரெட் வாங்கிப் பற்றவைக்க அந்த ஐந்து நிமிடம் தாராளமாகப் போதும். பாக்கெட்டில் சிகரெட்டோ தீப்பெட்டியோ லைட்டரோ இல்லாமல் பார்த்துக்கொள்வதும், முதல் சில வாரங்களுக்கு அந்தக் கடை இல்லாத வழியில் போவதும் பெரிய தற்காப்பு.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆலன் மார்லட், ஏக்கத்தை அலையாகப் பார்க்கச் சொன்னார். அதை எதிர்த்து முட்டக்கூடாது, மேலே ஏறி மிதந்து கரைக்கு வரவேண்டும். செய்முறை எளிது. இருந்த இடத்தில் உட்காருங்கள். ஏக்கம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். தொண்டையா, மார்பா, விரல் நுனியா? கூடுகிறதா, குறைகிறதா? மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். விரட்டவும் வேண்டாம், இணங்கவும் வேண்டாம். கவனித்துக்கொண்டே இருந்தால், அது இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். இரண்டு, மூன்று முறை அப்படிப் பார்த்துவிட்டால் அதன் மேல் இருந்த பயம் போய்விடும்.

உட்கார முடியாதவர்கள் எழுந்து வேகமாக நடக்கலாம். ஐந்து, பத்து நிமிட விறுவிறு நடை ஏக்கத்தைக் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. மொட்டைமாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினாலும் சரி.

கைபேசியும் உதவும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏக்கம் வந்தவர்களை மூன்று நிமிடம் ‘டெட்ரிஸ்’ ஆடவைத்தபோது அதன் வேகம் தணிந்ததைக் கண்டார்கள். சிகரெட்டை மனக்கண்ணில் படமாகப் பார்ப்பதில்தான் ஏக்கம் வளர்கிறது. கண்ணும் மனமும் கட்டங்களை அடுக்குவதில் இறங்கிவிட்டால் அந்தப் படம் கலைந்துபோகிறது. கோலப்புள்ளி வைப்பது, குறுக்கெழுத்து, செஸ் ஆகியவற்றையும் இதே நோக்கத்தோடு முயன்று பார்க்கலாம்.

வாய்க்கு ஏதாவது வேண்டுமே? கிராம்பு, ஏலக்காய், சோம்பு, நெல்லிக்காய்த் துண்டு, வெள்ளரி, கேரட் என்று ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. சிகரெட்டை விட்டு ஹான்ஸுக்கும் பான் மசாலாவுக்கும் மாறியவர்கள் எதையும் விடவில்லை.

டீக்கடை, கழிப்பறை, இழவு வீடு

காலைக் காபி, சாப்பாட்டுக்குப் பின், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, நைட் ஷிப்டின் நடுவில், பாஸ் திட்டிய பிறகு என்று உங்கள் ஏக்கம் வரும் நேரங்களை நாள் குறிப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதுங்கள். சாப்பிட்டதும் இலையிலிருந்து எழுந்து, பல் துலக்கிவிட்டு ஐந்து நிமிடம் நடப்பேன் என்பதுபோல. “வா மாப்ள, ஒரு தம் போட்டுட்டு வரலாம்” என்று கூப்பிடும் நண்பரிடம் சொல்லவும் ஒரு பதில் வேண்டும்: “நான் விட்டுட்டேன் மாப்ள, நீ போயிட்டு வா.” தயங்காமல் சொல்லிப் பழகுங்கள். உண்மையான நண்பர் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்.

காபி, டீ விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுவதால், புகைப்பவர் உடம்பில் கஃபீன் வேகமாகக் கரைகிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, வழக்கமாகக் குடிக்கும் அதே டீயின் கஃபீன் ரத்தத்தில் அதிகமாகத் தங்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் கூடுகின்றன. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துப் பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். காபி, டீயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களும், மனநோய்க்குச் சில மருந்துகள் எடுப்பவர்களும் புகையை விடுவதை டாக்டரிடம் சொல்லி, அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஒரு தம் அடிக்காம காலைக்கடன் முடியாது” என்பது இன்னொரு காரணம். இது கற்பனை அல்ல. நிகோடின் குடலை முடுக்கும். விட்ட முதல் சில வாரங்களில் மலச்சிக்கல் வருவது வழக்கம்தான். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், காலையில் நடை, கீரை, கொய்யா, வாழைப்பழம் என்று மாற்றிக்கொண்டால் குடல் தன் பழக்கத்துக்குத் திரும்பும்.

மிகவும் ஆபத்தான இடம் மது. பல மாதம் புகைக்காமல் இருந்தவர்களும் சறுக்குவது அங்கேதான். முதல் சில மாதங்களுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். இழவு வீடும் அப்படித்தான். துக்கமும் ராத்திரி விழிப்பும் சேர்ந்திருக்க, வாசலில் நான்கு பேர் புகைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மருந்து எடுப்பது தோல்வி அல்ல

1967-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஓவே ஃபெர்னோ என்ற மருந்து ஆய்வாளருக்கு, லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளாஸ் லுண்ட்கிரென் ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத வீரர்கள் மெல்லும் புகையிலையால் சமாளிக்கிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார். புகை இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுத்தால் என்ன என்ற யோசனை அதிலிருந்து வளர்ந்தது. 1978-ல் சுவிட்சர்லாந்தில் நிகோடின் சூயிங்கம் விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் நிகோடின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம் மருந்துக்கடைகளிலும் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. ஆனால் சாதாரண சூயிங்கம்போல் மென்று, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, “எனக்கு ஒத்துக்கலை” என்று தூக்கிப்போடுகிறார்கள். முறை வேறு. காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லவேண்டும். தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லவேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் காபி, டீ, ஜூஸ் கூடாது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல், 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நிகோடின் பட்டை, வரெனிகிளின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவையும் இருக்கின்றன. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இவற்றையும் ஆலோசனையையும் சேர்த்துத் தரச் சொல்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. இ-சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019 முதல் தடை இருக்கிறது. அந்த வழி வேண்டாம்.

ஒன்று பிடித்துவிட்டால்?

சறுக்குவது வேறு, பழைய பழக்கத்துக்கே திரும்புவது வேறு என்று மார்லட் வலியுறுத்தினார். “அதான் ஒண்ணு அடிச்சாச்சே, இனி என்ன” என்ற எண்ணம்தான் ஒரு சிகரெட்டை ஒரு பாக்கெட்டாக மாற்றுகிறது. ஒன்று பிடித்துவிட்டால் மிச்சத்தை உடனே தூக்கி எறியுங்கள். எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் பிடித்தோம் என்று எழுதிவைத்து, அந்த இடத்துக்கு வேறு திட்டம் போடுங்கள். விட்ட தேதி மாறவேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று வாரம் அவர் சிடுசிடுப்பார். சட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள். “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்காதீர்கள். “வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். ஐந்து நிமிடம் பேச்சுத்துணை இருப்பது, நூறு அறிவுரையைவிடப் பயன்படும்.

புகையை நிறுத்தி ஒரு வருடம் ஆனால், புகைப்பவரோடு ஒப்பிடும்போது மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைகிறது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டின் மீதும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் அச்சிடப்பட்டிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசலாம். பல அரசு மருத்துவமனைகளில் புகையிலையை விட உதவும் மையங்களும் உள்ளன. நாளைக்கு என்று தள்ளிப்போடாமல், கையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்து இன்றே கூப்பிடுங்கள்.