முதல் மோட்டார் சைக்கிள்: வீட்டாருக்குச் சில யோசனைகள்

பிள்ளைக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகிவிட்டால் இக்காலத்தில் அநேக வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகிறது. வாதி பிள்ளை, பிரதிவாதி தகப்பனார், தாயாரோ இரு தரப்புக்கும் சாட்சி. சில வீடுகளில் வாதியின் ஸ்தானத்தில் பெண் நிற்பதும் உண்டு. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே. வழக்கு முடிவதற்குள் வண்டியின் நிறம், அதன் சத்தம், அடுத்த தெருப் பையன் வைத்திருக்கும் வண்டியின் பெயர் எல்லாம் விசாரணைக்கு வந்துவிடுகின்றன. ஓட்டப்போகிறவரின் கைக்கு அந்த வண்டி அடங்குமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

இது உயிரைப் பற்றிய கேள்வி. மத்திய ஸர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். யுத்தம் ஒன்றும் நடவாத வருஷத்தில் ஒரு தேசம் இத்தனை பேரைப் பறிகொடுப்பது ஸாமான்யமான நஷ்டமன்று.

புதிதாக ஓட்டுகிறவர் எங்கே தவறுகிறார்? அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையார், லாஸ் ஏஞ்சலிஸ் பிரதேசத்தில் நிகழ்ந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். விபத்தில் அகப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவங்கூட இல்லை. நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, சிநேகிதரிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்தைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் பொதுவாக இரண்டு வினாடிக்கும் குறைவு. அதற்குள் பலர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டனர். வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்குள்ள முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை.

தேசம் வேறு, காலம் வேறு என்றாலும் இரண்டு வினாடி எங்கும் இரண்டு வினாடிதான். ஆகவே, பழகாத கை செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வண்டியே முதல் வண்டியாக இருக்கத் தகும். இதை நான்கு விதமாய்ப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

முதற் பரீட்சை உயரமும் கனமும். கடையில் வண்டியின் மேல் உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். கால் விரல் மட்டும் தரையைத் தொட்டால் அந்த வண்டி இப்போது வேண்டாம். பிறகு எஞ்சினை ஓட்டாமலே வண்டியைப் பத்தடி தள்ளி, திருப்பி, ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டி சுமார் 112 கிலோ; 350 சி.சி. புல்லட் 190 கிலோவுக்கு மேல். 1955-ல் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி நமது ராணுவத்தினருக்காகச் செய்யத் தொடங்கிய புல்லட்டின் கீர்த்தியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மணல் கிடக்கும் தெரு முனையில் அது ஒரு பக்கம் சாயும்போது, அறுபது கிலோ எடையுள்ள பிள்ளை அதைத் தாங்கிப் பிடிப்பது பிரயாசை.

இரண்டாவது சக்தி. ஸ்ப்ளெண்டரின் எஞ்சினுக்கு ஏறக்குறைய 8 குதிரை சக்தி. புல்லட்டுக்குச் சுமார் 20. பந்தய வண்டியின் சாயலில் வரும் 390 டியூக் போன்றவற்றுக்கோ 40-க்கும் மேல். கனமோ புல்லட்டைவிடக் குறைவு. பள்ளத்தில் சக்கரம் இறங்கி உடல் குலுங்கும்போது, பழகாத கை தன்னை அறியாமலே ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும். சிறிய வண்டி அப்போது சற்று உறுமும். பெரிய வண்டி பாய்ந்துவிடும். 100 முதல் 125 சி.சி. வரை உள்ள வண்டி புதியவருக்குப் போதும். அவசியமானால் 150 வரை போகலாம் என்பது நமது அபிப்பிராயம்.

மூன்றாவது பிரேக்கு. வேகம் இரட்டித்தால், பிரேக்குப் பிடித்த பின் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் சாதனத்தை, 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் அனைத்திலும் 2019 ஏப்ரல் முதல் ஸர்க்கார் கட்டாயமாக்கியது. அதற்குட்பட்ட சிறு வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து தடைபடும் கூட்டு பிரேக்கு இருந்தாலும் போதும் என்று அந்த விதி இடம் கொடுத்தது. சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியை வாங்குவதே உசிதம். மழை பெய்து நனைந்த சாலையில் அதன் அருமை தெரியும்.

நான்காவது விலை. கற்கிற காலத்தில் வண்டி இரண்டொரு தடவை கீழே விழாமல் இராது. ஆகையால் நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, முன் போர்க்கு வளைந்திருக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக்கும் செயினும் செவ்வையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பதிவுப் புஸ்தகமும் இன்ஷூரன்ஸும் சரியாயிருக்கின்றனவா என்பதைத் தகப்பனாரே பார்க்கட்டும்.

மிச்சமாகும் பணத்தில் முதற் செலவு தலைக்கவசம். 2022-ல் தலைக்கவசம் அணியாமல் சென்று மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,000-க்கு மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத தலைக்கவசத்தை விற்பது 2021 ஜூன் முதல் குற்றம். ஆயினும் முத்திரை மட்டும் போதாது. தலையை அசைத்தால் கவசம் அசையாமல் பிடிக்க வேண்டும். மோவாய்ப் பட்டையை மாட்டவும் வேண்டும். கைப்பிடியில் தொங்கும் கவசம் கைப்பிடியைத்தான் காப்பாற்றும்!

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியர் உள்ள வண்டிக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலில் பத்தாம் வகுப்புப் பிள்ளை தகப்பனாரின் வண்டியில் வந்து இறங்குவதை நாம் பார்க்கிறோம். “பையன் கெட்டிக்காரன், நன்றாய் ஓட்டுகிறான்” என்று பெருமை பேசும் பெற்றோர், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தைச் சற்றுக் கவனிப்பார்களாக. உரிய வயது வராத பிள்ளை சாலையில் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டிக்குரியவருக்கோ மூன்று வருஷம் வரையில் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தப் பிள்ளைக்கோ 25 வயது வரையில் லைசென்ஸ் கிடையாது.

வண்டி வந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்கு வீட்டிலேயே ஒரு சிறு சட்டம் வகுத்துக்கொள்வது நலம். இரவிலும் மழையிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுவதில்லை. பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறிச்சோடிய மைதானத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுவது. ஆறு மாதம் கழித்து அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு மனத்துக்குப் பிடித்த வண்டியை வாங்கட்டும். யாரும் தடுக்க வேண்டியதில்லை.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்றே, “அம்மா, பின்னால் ஏறிக்கொள், கோயிலுக்குப் போய் வரலாம்” என்று பிள்ளை அழைப்பான். மறுக்கத் தாயாருக்கு மனம் வராதுதான். ஆனாலும் ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு நடந்தே போகட்டும். தமக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கி வைத்துக்கொள்ள அந்த அவகாசம் போதும்.