கடைசி இருபது நிமிடம்

ஹாக்கி நமக்குத் தெரிந்த விளையாட்டு. புல் தரையில் மட்டையால் பந்தை அடித்து ஆடுவார்கள். அமெரிக்காவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆட்டம். ஆடுபவரின் காலணிக்கு அடியில் இரும்புத் தகடு இருக்கும். அதனால் வேகமாகச் சறுக்கிப் போகலாம். பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஆட்டம் மூன்று பகுதியாக நடக்கும். ஒரு பகுதி இருபது நிமிடம்.

இந்த ஆட்டத்தில் பெயர் பெற்ற பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். இவர் 1937-இல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன் அணியில் ஆடினார்.

1960-இல் ஒலிம்பிக் போட்டி வந்தது. அமெரிக்க அணியோடு புரூக்ஸ் பயிற்சி செய்து வந்தார். போட்டி தொடங்கும் நேரத்தில் அவரை விலக்கிவிட்டார்கள். கடைசியாக விலக்கப்பட்டவர் அவர்தான். அந்த அணி தங்கப் பதக்கம் வாங்கியது. அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் அவர் ஆட்டத்தை விடவில்லை. 1964-லும் 1968-லும் ஒலிம்பிக்கில் ஆடினார். பதக்கம் கிடைக்கவில்லை.

1972-இல் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளர் ஆனார். முந்தைய ஆண்டு அந்த அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 1974-இல் நாட்டின் கல்லூரி அணிகளில் முதலிடம் பெற்றது. 1976-லும் 1979-லும் மீண்டும் வென்றது.

பயிற்சியாளர் களத்தில் இறங்கி ஆட முடியாது. ஓரத்தில்தான் நிற்பார். அவருடைய வேலை அதற்கு முன்பே நடக்கிறது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து ஆடக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிவரை களைக்காத உடலை உண்டாக்க வேண்டும். புரூக்ஸ் இதில் மிகவும் கண்டிப்பானவர். பல வீரர்களுக்கு அவர்மேல் கோபம்கூட உண்டு.

1980 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு அவரே பயிற்சியாளர். அணியில் இருபது பேர். எல்லோரும் கல்லூரி அணிகளில் ஆடிய இளைஞர்கள். ஒன்பது பேர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். கடைசியாக ஒருவரை விலக்க வேண்டி வந்தது. தமக்கு நேர்ந்ததைத் தாமே இன்னொருவருக்குச் செய்தார்.

1979 செப்டம்பரில் நார்வே அணியோடு ஓர் ஆட்டம் சமமாக முடிந்தது. வீரர்கள் அக்கறையோடு ஆடவில்லை என்று புரூக்ஸ் நினைத்தார். ஆட்டம் முடிந்த பிறகும் அவர்களை விடவில்லை. பனித்தரையில் மறுபடியும் மறுபடியும் ஓட வைத்தார்.

அப்போது சோவியத் நாட்டு அணிதான் உலகில் வலுவானது. தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணி அது. ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. அதில் அமெரிக்க அணி 3-10 என்று தோற்றது.

1980 பிப்ரவரி 22 அன்று இரு அணிகளும் மீண்டும் மோதின. இரண்டு பகுதி முடிந்தபோது சோவியத் அணி 3-2 என்று முன்னால் இருந்தது. கடைசி இருபது நிமிடத்தில் அமெரிக்க அணி இரண்டு கோல் போட்டது. 4-3 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து பின்லாந்து அணியோடு ஆட்டம். அதிலும் முதலில் பின்தங்கியது. கடைசிப் பகுதியில் மூன்று கோல் போட்டு வென்றது. தங்கம் கிடைத்தது.

புரூக்ஸ் 2003-இல் கார் விபத்தில் இறந்தார்.

கடைசி நேரத்தில் அந்த இளைஞர்களின் கால்கள் ஏன் தளரவில்லை? நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.