கந்தக பூமியிலிருந்து ஒரு நாள் கோடை உலா

பங்குனி பிறந்ததும் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்குகிறது. சித்திரையில் கத்திரி வெயில் தகிக்கிறது. விஸ்வநத்தம், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரங்களில் வாழும் குடும்பங்களுக்கு இவ்வெயில் புதிதன்று. மழை குறைந்த இம்மண்ணில் வேளாண்மை கைகொடுக்காமற் போனதால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் சோறு போட வந்தன? ஆயினும், பிற ஊர்களில் கோடை என்பது உடல் வருத்தம். இங்கோ அது உயிர் அச்சமும் ஆகும்.

பட்டாசு மருந்துக்கு உராய்வும் வெப்பமும் பகை. ஆகவேதான் மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் அதிகாலையிலேயே முடித்துவிட வேண்டும், எஞ்சியதை மறுநாளைக்கு வைத்திருத்தல் கூடாது என்று வற்புறுத்துகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. 2024 மே 9 அன்று, கோடையின் உச்சத்தில், செங்கமலப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து எட்டுப் பேருக்குக் குறையாத உயிர்களைக் கொண்டுபோயிற்று. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்பும் வரை நெஞ்சு பதைக்கக் காத்திருக்கும் குடும்பங்கள் இங்கே பல.

இத்தகைய குடும்பங்களுக்கு உல்லாசப் பயணம் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். இத்தகைய குடும்பங்களுக்கே அது முதலில் வேண்டும் என்பது நம் விடை. தந்தையும் தாயும் பிள்ளைகளும் அச்சமின்றி, அவசரமின்றி, ஒரு முழுநாள் ஒன்றாய் இருந்து, உண்டு, கண்டு களிப்பது ஆடம்பரமன்று. அது உழைப்பவரின் உரிமை.

விடுமுறை யாருக்கு?

பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலையொட்டிச் சிவகாசிப் பகுதி ஆலைகள் சில நாள்கள் விடுமுறை விடுகின்றன. பள்ளிகளும் அப்போது மூடியிருக்கின்றன. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேர ஓய்வு வாய்க்கும் நாள்கள் ஆண்டில் மிகச் சில. அவற்றுள் இவை முதன்மையானவை.

ஒரு காலத்தில் கோடை விடுமுறை என்றால் இவ்வூர்ச் சிறாருக்குக் கட்டை அடுக்கும் காலம், பெட்டி ஒட்டும் காலம் என்றே பொருள். பள்ளி திறக்கும்போது புத்தகம் வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காகப் பிஞ்சுக் கைகள் தீக்குச்சியோடு பழகின. 1986ஆம் ஆண்டின் சட்டமும், 2016ஆம் ஆண்டின் திருத்தமும் அந்நிலையை மாற்ற வந்தவை. 14 வயது நிரம்பாதவரைக் கூலி வேலையில் அமர்த்தலாகாது. 18 வயது நிரம்பாதவரை வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழிலில் அமர்த்தலாகாது. சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஆனால், வேலைக்குப் போகாத பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் போதுமா? விடுமுறை முழுவதும் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி சுருண்டு கிடப்பதும் ஒரு வகை இழப்பன்றோ? மீட்டுக்கொடுத்த குழந்தைப் பருவத்தில் நல்லவற்றை நிரப்புவது பெற்றோர் கடமை.

சுவரில் தொங்கும் கலை

கலையைத் தேடி மதுரைக்குப் புறப்படுமுன் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவையுங்கள். கலை தொலைவில் மட்டும் இல்லை. நம் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு மேல்தாள் வேண்டும். மேல்தாளுக்கு வண்ண அச்சு வேண்டும். இவ்வாறு ஒன்றைத் தொட்டு ஒன்றாக வளர்ந்ததே சிவகாசியின் அச்சுத் தொழில். பின்னாளில் நாட்காட்டிகள் இங்கிருந்து நாடெங்கும் சென்றன.

அந்நாட்காட்டிகளுக்குப் படம் தீட்டியோருள் தலைசிறந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு. சென்னையில் ஓவியம் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிய அவர், கோவில்பட்டியிலேயே தங்கி மாணவர் பலரை உருவாக்கினார். 1976இல் மறைந்தார். அவரும் அவர்தம் மாணவரும் வரைந்த தெய்வப் படங்கள் ஏழைக் குடிசைகளிலும் இடம்பெற்றன. படம் வாங்கப் பணமில்லாதவர் வீட்டிற்கும் ஓவியத்தைக் கொண்டுசேர்த்தது நம் ஊர் அச்சுக்கூடம். இதை அறிந்த பிள்ளை, பெற்றோரின் தொழிலை எண்ணி நாணாது, பெருமை கொள்ளும்.

அதிகாலைப் புறப்பாடு

சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பேருந்து விருதுநகர், திருமங்கலம் வழியே செல்கிறது, இரயிலும் உண்டு. வெயில் ஏறுமுன் மதுரையை அடைந்துவிடுதல் நலம். முந்தின இரவே கட்டுச்சோற்றுக்கு வேண்டியவற்றை எல்லோருமாகச் சேர்ந்து ஆயத்தம் செய்துவிட வேண்டும். புளியோதரை, தயிர்சோறு, துவையல் போதும். ஊருலா என்ற பெயரில் தாய் மட்டும் நள்ளிரவில் எழுந்து அடுப்போடு போராடினால் அது அவளுக்கு எப்படி விடுமுறையாகும்? தந்தை புளி கரைக்கட்டும்; மகன் பாத்திரம் துலக்கட்டும்.

மதுரையில் முதலில் காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். அது இருக்கும் தமுக்கம் அரண்மனை, இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை. அரசியார் வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் இன்று உழைப்பாளியின் பிள்ளைகள் உலவலாம்! 1959 ஏப்ரல் 15 அன்று நேரு இவ்வருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடையின் ஒரு பகுதி இங்கே பாதுகாக்கப்படுகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் ஏழை உழவனின் அரையாடையைத் தம் உடையாக ஏற்றார். அந்த முடிவையும் இந்த ஆடையையும் சேர்த்து ஒரு கணம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடநூலில் ஒரு பக்கமாக இருந்த செய்தி உள்ளத்தில் தைக்கும்.

அருகிலேயே இராஜாஜி சிறுவர் பூங்கா இருக்கிறது. கட்டுச்சோற்றை அவிழ்க்க மரநிழல் தேடி அலைய வேண்டியதில்லை.

உச்சி வெயிலுக்கு ஒதுங்கப் புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஏற்ற இடம். 2 லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்புடைய இந்நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. அந்நாள் நம் விருதுநகர் தந்த காமராசரின் பிறந்தநாள். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. வெளியே அனல் வீச, உள்ளே குளிர்ந்த கூடத்தில் ஒரு சிறுமி தனக்குப் பிடித்த கதைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிக்கும் காட்சியைவிடப் பெற்றோருக்கு வேறென்ன இன்பம் வேண்டும்? வேலை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள்.

பிற்பகலில் திருமலை நாயக்கர் மகால். 1636இல் எழுப்பப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. நாயக்கரின் பேரர் சொக்கநாதர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுசென்றார் என்பது வரலாறு. அழியவிருந்த எச்சத்தை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். அந்த மாபெரும் தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. அவற்றின் வழவழப்புக்காக முட்டையின் வெண்கருவையும் கலந்தார்கள் என்பர். மன்னன் பெயர் நிலைத்திருக்கிறது. சாந்து அரைத்த கைகளின் பெயர் எங்கும் இல்லை. உழைக்கும் குடும்பம் அத்தூண்களை நிமிர்ந்து பார்க்கும்போது அக்கைகளையும் நினைக்கட்டும்.

அங்கிருந்து சிறிது தொலைவில், கீழவெளி வீதியில், இரட்டைக் கோபுரங்களோடு நிமிர்ந்து நிற்கிறது புனித மரியன்னை பேராலயம். களைத்த கால்களுக்கும் உள்ளத்துக்கும் சிறிது நேரம் அங்கே இளைப்பாறுதல் கிடைக்கும்.

நாவுக்கும் வயிற்றுக்கும்

மதுரைக்குச் சென்று ஜிகர்தண்டா அருந்தாமல் திரும்பினால் பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். மகாலுக்கு அருகே விளக்குத்தூண் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய கடற்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, மேலே பாலேடு கலந்த ஐஸ்கிரீம் ஆகிய இவையே அதன் கூட்டு. நெஞ்சைக் குளிர்விப்பது என்னும் பொருள்பட வடபுலத்து மொழியில் அமைந்த பெயர் அது. ஆனால், மதுரைக்காரரைக் கேட்டால் தமிழ்நாட்டுக்கு வெளியே அதற்கு வேலையே இல்லை என்பார்கள்!

மாலையில் பருத்திப்பால் கிடைக்கும். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது அது. நம் கரிசல் மண்ணின் பயிர் மதுரைத் தெருவில் பானமாகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலான கோடைப் பானம் பனைமரம் தரும் பதனீர். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடியும் சாறு இனிய பதனீராக நிலைக்கிறது. தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடுகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. வேறுபாடு ஒரு விரல் சுண்ணாம்பு. சனிக்கிழமைக் கூலியும் அப்படித்தான். அது எந்த வழியில் செல்கிறது என்பதைப் பொறுத்துக் குடும்பத்துக்கு இனிக்கவும் செய்யும், குடும்பத்தைக் குடிக்கவும் செய்யும். மதுக்கடையில் சில மாலைகளில் கரையும் பணம், ஐவர் கொண்ட குடும்பத்தை மதுரைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கப் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தந்தையருக்கே விளங்கும்.

தண்ணீர் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறிய நீரைக் கொண்டுசெல்லுங்கள். உணவுக்கு ஆகாத பனிக்கட்டிக்கு நீலநிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விதித்தது. கடையில் பானத்தில் இடும் கட்டி எத்தகையது என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் கோபிக்கும் கடையில் குடிக்காமலிருப்பதே மேல். நுங்குக்கும் இளநீருக்கும் இந்தக் கவலையே இல்லை.

செலவுக்கு வழி

பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடைவிதித்த பின் இவ்வட்டாரத்தில் வேலை நாள்கள் குறைந்தன. கூலி குறைந்த வீட்டில் உலாவுக்குப் பணம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. தை மாதம் முதல் வாரந்தோறும் ஒரு சிறு தொகையை உண்டியலில் இட்டு வந்தால் சித்திரையில் பேருந்துக் கட்டணம் சேர்ந்துவிடும். அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் கட்டணம் தடையாவதில்லை. அதுவும் இயலாதபோது மனம் தளர வேண்டாம். விருதுநகரில் காமராசர் வாழ்ந்த எளிய வீடு நினைவில்லமாக இருக்கிறது. வழியில் சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சும் காரச்சேவும் உண்டு. மறுபுறம் திரும்பினால் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா காத்திருக்கிறது. பாலும் சர்க்கரையும் மட்டுமே கொண்டு கிண்டப்படும் அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரை நாளில் போய்த் திரும்பலாம்.

விடுபட்டவர் எவர்?

எந்த உலாவிலும் புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாரை விட்டுவிட்டுப் போகிறோம்? முழங்கால் வலியால் வர இயலாத பாட்டிக்குப் பால்கோவாவில் ஒரு பங்கு வரட்டும். விபத்தில் தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கலாம். நம் பிள்ளைகளோடு அவர்களையும் அழைத்துச் சென்றால் பேருந்தில் ஓர் இருக்கை கூடும், கட்டுச்சோற்றில் ஒரு பிடி கூடும், அவ்வளவே. ஆனால், அந்தப் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுதும் நிலைக்கும் ஒரு நாள். பங்குகளிலுள்ள அன்பியங்களும் இளைஞர் குழுக்களும் இவ்வாண்டு இதனை ஏற்றுச் செய்யலாமே!

நம் மக்கள் செய்யும் மத்தாப்பு ஊரெல்லாம் உள்ள குழந்தைகளின் முகங்களில் ஒளியேற்றுகிறது. ஆண்டில் ஒரு நாளேனும் அந்த ஒளி, அதைச் செய்த கைகளைப் பற்றி நடக்கும் பிள்ளைகளின் முகங்களிலும் தோன்றட்டும்.