ஏரியின் மக்களைக் கேளாத பட்டியல்

உலகம் முழுவதற்கும் உரியவை எனக் கருதப்படும் இடங்களை யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை பட்டியலிட்டுக் காக்கிறது. ஆனால் ஓர் இடத்தை முன்மொழிவது அரசு, முடிவெடுப்பது 21 நாடுகள் அடங்கிய உலகப் பாரம்பரியக் குழு என்பதால், அவ்விடத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் குரல் எளிதில் விடுபட்டுப் போகிறது.

கென்யாவின் பொகோரியா ஏரி இதற்கு வேதனையான சான்று. கொதிநீர் ஊற்றுகள் பீறிட, பூநாரைகள் கரையோரம் மொய்க்கும் அந்த உவர்நீர் ஏரியை எண்டோராய்ஸ் மக்கள் தம் முன்னோரின் ஆவி உறையும் இடமாக வணங்கி, அதன் அருகிலுள்ள உப்புமண்ணைக் கால்நடைகள் நக்குவதற்கு அவற்றை அங்கே ஓட்டிச் சென்றனர். 1970களில் விலங்குக் காப்பகத்துக்காக அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அது உரிமை மீறல் என்று மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க ஆணையம் அளித்த தீர்ப்பு 2010இல் வெளியான பின்னரும், 2011இல் அவர்களின் இசைவின்றியே ஏரி பட்டியலில் சேர்க்கப்பட்டது, அதுவும் இயற்கைச் செல்வமாக மட்டுமே.

பழங்குடி மக்கள் விவரம் முழுதும் அறிந்து, கட்டாயமின்றி, முன்கூட்டியே அளிக்கும் இசைவைப் பெற்றதை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்றும், முன்மொழிவு ஆவணத்தை உரிய மொழிகளில் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் உடன்படிக்கையின் 2019இல் திருத்தப்பட்ட செயல்முறை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. உரிய மொழி என்பதே இங்கு உயிர்நாடி. ஏரிக்கரை மேய்ப்பருக்குப் புரியாத மொழியில் கட்டுக்கட்டாக ஆவணங்களை வெளியிடுவது வெளிப்படைத்தன்மை ஆகாது. பொகோரியாவுக்கு இவ்விதி காலம் கடந்து வந்தது. அங்கே, எண்டோராய்ஸ் மக்களை மேலாண்மையிலும் முடிவெடுப்பதிலும் முழுமையாகப் பங்கேற்கச் செய்யுமாறு 2014இல் கென்யாவை வலியுறுத்தியது ஏரியைப் பட்டியலில் சேர்த்த அதே உலகப் பாரம்பரியக் குழுதான்.